இருபத்தேழில் உடைந்த கேள்வி

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது. அதுவரை அது வழக்கமான தேர்வு நாள். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியின் மாடி ஹாலில் எம்.எஸ்ஸி. கணித மாணவர்களுக்கு அல்ஜிப்ரா தாள். நான் மேற்பார்வை. ஹால் டிக்கெட் பார்த்து, கையெழுத்து வாங்கி முடித்தேன். மிஞ்சியிருந்த வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே போய் நின்றேன். கடைசிப் பக்கத்தில், எல்லாரும் கட்டாயம் எழுத வேண்டிய பெரிய கேள்வி. ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இது: ஒரு முடிவுறு குலத்தில் சமனியைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளின் வரிசையும் மூன்று எனில், அது பரிமாற்றுக் குலம் என நிறுவுக.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அச்சுப் பிழை இல்லை. கூற்றே பொய். நிறுவ முடியாத ஒன்றை நிறுவச் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரத்தில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னொரு கல்லூரியில் என் ஒரே மகள் பவானி அதே தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் வினாத்தாளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. காசிமேட்டிலிருந்து வரும் மேரி என்ற மாணவி கையைத் தூக்கினாள்.

"சார், இந்தக் கடைசிக் கேள்வி இன்னா சார் இப்டி கீது? எப்டிப் போட்டாலும் நடுவுல மாட்டுது."

"தெரிஞ்சதை எழுதும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. வராந்தாவுக்குப் போய்த் தேர்வுக் கண்காணிப்பாளரிடம் மட்டும் சொன்னேன். அவர் கெமிஸ்ட்ரிக்காரர். "சார், இப்ப சொன்னா ஹாலே கலாட்டாவாயிடும். மேல எழுதிப் போடறேன்" என்றார். எழுதியும் போட்டார். பதில் எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வும் பெற்றுவிட்டேன். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர்கள் சென்ற மாதம் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இனிமேல் கேள்வித்தாளில் பாதிக்கு மேல் நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிப்பதாக இருக்குமாம். "நிறுவுக என்ற வார்த்தையே போகப்போகுது சார், அதைப் பத்தி நீங்க எழுதித் தாங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த வார்த்தை எனக்குச் சோறு போட்டது. ஒரு வருடம் வீட்டில் சண்டையும் மூட்டியது.

கணிதம் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குலம் என்பது சில மாற்றங்களின் கூட்டம். இரண்டை அடுத்தடுத்துச் செய்தால் வருவதும் அதே கூட்டத்துக்குள் இருக்க வேண்டும். எதைச் செய்தாலும் திருப்பிச் செய்து பழைய நிலைக்கு வர முடிய வேண்டும். எதுவுமே செய்யாமல் சும்மா இருப்பதும் அதில் ஒன்று, அதுதான் சமனி. ஒரு மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் எத்தனையாவது தடவையில் எல்லாம் பழைய இடத்துக்கு வருகிறதோ, அந்த எண்தான் அதன் வரிசை. எந்த இரண்டை எடுத்தாலும் எதை முன்னால் செய்தாலும் முடிவு ஒன்றே என்றால், அது பரிமாற்றுக் குலம்.

எம்.ஃபில். முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் பலகையைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். பிறகுதான் திரும்பி மாணவர்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர் பிள்ளைகள், எண்ணூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கிறவர் பிள்ளைகள், மண்ணடியில் கடை வைத்திருப்பவர் பிள்ளைகள். சூத்திரம் எழுதினால் நகல் எடுப்பார்கள். ஆனால் மூன்று பேரை எழுப்பி நிறுத்தி, "நீ அவன் இடத்துக்கு, அவன் இவன் இடத்துக்கு" என்று சுற்றவிட்டால் பெஞ்சு பெஞ்சாக எழுந்து பார்ப்பார்கள். இரண்டு பேர் மட்டும் இடம் மாறினால் வரிசை இரண்டு. மூன்று பேரும் சுற்றினால் வரிசை மூன்று. மூன்று பேர் இடம் மாற ஆறு வழிகள்தான் உண்டு. அந்த ஆறில் ஒன்றுக்குக்கூட வரிசை ஆறு கிடையாது. ஆறு உறுப்புள்ள குலத்தில் வரிசை ஆறு உள்ள உறுப்பு ஒன்று இருந்துவிட்டால், அது கடிகார முள் மாதிரி சுற்றும் சக்கரக் குலம். இல்லாவிட்டால் அது இந்த மூன்று பேர் குலம். வேறு ஆறு கிடையாது. "உறுப்புகளோட வரிசையைச் சொல்லு, குலத்தோட ஜாதகத்தைச் சொல்றேன்" என்று வகுப்பில் வருடா வருடம் சொல்லி வந்தேன்.

அந்தப் பேச்சுக்கு மிகவும் பொருந்தும் உதாரணம், எல்லா வரிசையும் இரண்டாக இருக்கும் குலம். அது பரிமாற்றுக் குலமாகத்தான் இருக்கும். நிரூபணம் சின்னது. a, b என்ற இரண்டு உறுப்புகள். abab சமனி. aabb-யும் சமனி. ஆகவே இரண்டும் சமம். முன்னால் இருக்கும் a-வையும் பின்னால் இருக்கும் b-யையும் அடித்துவிட்டால் ba = ab. முடிந்தது. இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை என்று சொல்லலாம். மாணவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

வினாத்தாள் எழுதுகிற எங்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி பழசாகிவிட்டது என்று தோன்றினால் எண்ணை மாற்றுவோம். ஐந்தை ஏழாக்குவோம், பதினைந்தை முப்பத்தைந்தாக்குவோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது; பையன்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க முடியாது, அவ்வளவுதான். அந்த வருடம் தாள் எழுதியவரும் அதைத்தான் செய்திருக்கிறார். இரண்டை மூன்றாக்கினார். விடைக்குறிப்பில், "மேற்கண்டவாறே" என்று ஒரு நிரூபணத்தையும் எழுதிவைத்தார். இரண்டு, மற்ற எண்களைப் போல நடந்துகொள்ளாத எண் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் பவானி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

"சைலோ தேற்றம் சொதப்பிட்டேம்பா. ஆனா கடைசி கேள்வி முழுசா எழுதிட்டேன். ரெண்டுக்குப் போடற மாதிரியே மூணுக்கும் போட்டேன். சும்மா வழுக்கிக்கினு வந்துச்சு."

என் மனைவி கஸ்தூரி என் முகத்தைப் பார்த்தாள். அவள் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. என் முகத்தைப் படிக்க அவளுக்கு விடைக்குறிப்பு தேவையில்லை. அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இன்னா ஆச்சு?" என்றாள். சொன்னேன்.

"இன்னும் ரெண்டு பேப்பர் கீது அவளுக்கு. முடியறவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. சாம்பார் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பவானிக்கு ஒரே ஆசை. நகரின் தெற்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் குலக் கோட்பாட்டில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர வேண்டும். முதல் வகுப்பு இருந்தால்தான் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். அதிலும் அல்ஜிப்ரா மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவள் மற்ற தாள்களில் கெட்டி. அல்ஜிப்ராவில்தான், ஆசை அதிகமாக இருந்ததாலோ என்னவோ, பதறுவாள். அந்தத் தாளில் அவளைக் கரை சேர்க்கப் போவது இந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான்.

தேர்வுகள் முடிந்து விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் பெரிய ஹால். ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, மூடினால் புழுக்கம். விடைத்தாள்களில் பதிவு எண்ணைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போட்டுக் கட்டுக் கட்டாக வரும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அப்படியும், சொந்தப் பிள்ளை எழுதும் தாளை நாம் தொடக்கூடாது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் எழுதிக் கொடுத்திருந்தேன். என்னை பி.எஸ்ஸி. கால்குலஸ் மேசையில் போட்டார்கள். அல்ஜிப்ரா மேசை ஹாலின் மறுகோடியில்.

அந்த மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் சுலோச்சனா மேடம். அவரோடு பல முகாம்களில் வேலை பார்த்திருக்கிறேன். யார் என்ன வாதம் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து கேட்க மாட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றுதான் கேட்பார். மூடவில்லை என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். "சரி" என்ற சொல் அவர் வாயில் வராது. ஒரு படியை ஒத்துக்கொண்டால் "அடுத்து" என்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்தில் வியர்த்துப்போனவர்கள் நிறைய. மதிப்பெண் கூட்டலில் ஒன்று தவறினாலும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புவார். அவருக்கு வேண்டியவர் என்று ஒருவரும் கிடையாது. அதனால்தான் எல்லாருக்கும் அவர்மேல் நம்பிக்கை.

முதல் நாள் விடைக்குறிப்பு விவாதத்தில் அல்ஜிப்ரா மேசையில் ஏதாவது சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வரவில்லை. எல்லாருக்கும் பழகிய நிரூபணத்தின் சாயல் இருந்ததால் யாரும் நின்று பார்க்கவில்லை. இரண்டாம் நாள் டீ நேரத்தில் ரஹ்மத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்டையார்பேட்டைக்காரர், வயதில் சின்னவர், அல்ஜிப்ரா மேசையில் இருந்தார்.

"அண்ணே, ஒரு தோஸ்து செம வேலை பண்ணியிருக்கான். கேள்வியே தப்புன்னு எழுதி, இருபத்தேழு மேட்ரிக்ஸ் போட்டு, 'நிறுவ முடியாது'ன்னு அடிக்கோடு வேற போட்டிருக்கான். மேசையே சிரிச்சுது."

"எவ்ளோ போட்டீங்க?"

"ஆன்சர் கீ பிரகாரம் முட்டைதாண்ணே. இன்னா பண்றது? இன்னும் மூணு நாலு பேர் பாதியில நிறுத்திட்டு, 'இதுக்கு மேல போகலை'ன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்கும் அதே முட்டைதான்."

டீ கையில் ஆறிப்போனது. அந்த இருபத்தேழு சரி. மூன்று உறுப்புள்ள குலத்தில் கேள்வி சரிவரும். ஒன்பது உறுப்புள்ள குலத்திலும் சரிவரும். இருபத்தேழில்தான் உடையும். பொறுமையாகத் தேடிப் போன ஒரு பிள்ளைக்குத்தான் அது தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பூஜ்ஜியம். நடக்காததை நடந்ததாக எழுதிய என் மகளுக்கு முழு மதிப்பெண். நான் செய்ய வேண்டியதெல்லாம் என் மேசைக்குப் போய்க் கால்குலஸ் திருத்துவதுதான். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை.

எழுந்து ஹாலின் மறுகோடிக்கு நடந்தேன்.

"மேடம், அல்ஜிப்ராவுல கடைசிக் கேள்வி தப்பு."

அவர் தலையைத் தூக்கவில்லை. பேனா திறந்தே இருந்தது. "நீங்க எந்த மேசை?"

"கால்குலஸ்."

"உங்க பொண்ணு இந்தப் பேப்பர் எழுதியிருக்கா. அதனாலதான் உங்களை அங்க போட்டிருக்கு."

"தெரியும் மேடம்."

பின்னாலிருந்து ஒருவர், "பெத்த மனசு கேக்கல போல" என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"பொண்ணு அந்தக் கேள்வியை விட்டுட்டு வந்துட்டாளா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். எழுதியிருக்கா. உங்க கீ-ல எப்படி இருக்கோ அதே மாதிரி. இப்படியே திருத்துனீங்கன்னா அவளுக்கு முழு மார்க்கு."

சுலோச்சனா மேடம் பேனாவை மூடினார். எழுந்து நின்றார்.

"அடுத்து."

விடைக்குறிப்பின் நிரூபணத்தை முதலில் காட்டினேன். ababab சமனி; aaabbb-யும் சமனி; முன்னால் ஒரு a, பின்னால் ஒரு b அடித்தால் baba = aabb. "அடுத்து" என்றார். இதற்கடுத்த வரியில் குறிப்பு, "ஆகவே ba = ab" என்கிறது. அது எங்கிருந்து வந்தது? இரண்டுக்கு அடித்ததும் வந்துவிட்டது. மூன்றுக்கு வரவில்லை, வந்ததாக எழுதிவிட்டார்கள். மேடம் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். "அடுத்து" வரவில்லை.

"நிரூபணம் தப்புன்னா கூற்று தப்புன்னு ஆயிடாது. வேற நிரூபணம் இருக்கலாம்" என்றார்.

நியாயமான பேச்சு. மேட்ரிக்ஸ் அணிகளை எழுதத் தொடங்கினால் மேசையில் இருப்பவர்கள் சலித்துப்போவார்கள் என்று தெரியும். "மேடம், ஒன்பது பேர் வேணும். மூணு பெஞ்சு" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அல்ஜிப்ரா மேசையைப் பார்த்துத் தலையசைத்தார். எட்டுப் பேர் எழுந்தார்கள். ஒரு ஆள் குறைந்தது. கட்டுகளைத் தூக்கிவரும் கன்னியப்பன் அப்போதுதான் உள்ளே வந்தார். அவரை உட்காரச் சொன்னேன்.

"இன்னா சார், மியூசிக் சேரா? பாட்டு போடாம ஓடச் சொல்றீங்க. ஜெயிச்சா சோப்பு டப்பாவாவது உண்டா?"

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெஞ்சுகள், பெஞ்சுக்கு மூன்று பேர். இரண்டு விதிகள் சொன்னேன். முதல் விதி: எல்லாரும் அதே இடத்துக்கு நேராக அடுத்த பெஞ்சுக்குப் போக வேண்டும், கடைசி பெஞ்சுக்காரர் முதல் பெஞ்சுக்கு. இதற்குப் பெயர் தாவல். இரண்டாம் விதி: முதல் பெஞ்சில் யாரும் நகர வேண்டாம், இரண்டாம் பெஞ்சில் எல்லாரும் ஓர் இடம் வலப்பக்கம் நகர வேண்டும், ஓரத்தில் இருப்பவர் சுற்றி இந்த முனைக்கு வரவேண்டும், மூன்றாம் பெஞ்சில் எல்லாரும் இரண்டு இடம் நகர வேண்டும். இதற்குப் பெயர் நகரல். தாவலை மூன்று தடவை செய்தால் எல்லாரும் பழைய இடம். நகரலை மூன்று தடவை செய்தாலும் எல்லாரும் பழைய இடம். செய்து பார்த்தோம். பெரிய பெரிய பேராசிரியர்கள் வேட்டியையும் பேண்டையும் இழுத்துக்கொண்டு பெஞ்சு தாண்டினார்கள்.

"இப்ப முதல்ல தாவுங்க, அப்புறம் நகருங்க." முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் இருந்த ரஹ்மத் இரண்டாம் பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தார். எல்லாரையும் பழைய இடத்துக்கு வரச் சொன்னேன். "இப்ப முதல்ல நகருங்க, அப்புறம் தாவுங்க." ரஹ்மத் இரண்டாம் பெஞ்சின் இடது ஓரத்தில் இருந்தார்.

"இடம் மாறிப்போச்சுண்ணே!" என்று அவரே கத்தினார்.

"அப்ப பரிமாற்றுக் குலம் இல்ல" என்றேன். மேடம் சொன்னார்: "அடுத்து."

"இப்ப நகரலும் தாவலும் சேர்ந்து ஒரே மாற்றம். அதை மூணு தடவை பண்ணுங்க." நகர்ந்து தாவினார்கள். மறுபடி நகர்ந்து தாவினார்கள். மூன்றாம் தடவை கன்னியப்பன் தன் பழைய இடத்தில் தொப்பென்று உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரவர் இடத்தில்.

"அட, வூட்டுக்கே கொணாந்து வுட்டுட்டாருப்பா!"

கைதட்டல் கேட்டது. கால்குலஸ் மேசை முழுவதும் எழுந்து வந்து சுற்றி நின்றிருந்தது. மேடம் மட்டும் அசையவில்லை.

"ஒன்னு திரும்பி வந்தா பத்தாது. இந்த ரெண்டு விதியால எத்தனை மாற்றம் உண்டாகுமோ அத்தனையும் மூணாவது தடவை திரும்பணும். கேள்வி எல்லா உறுப்பையும் பத்தித்தானே?"

அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். சாக்பீஸை எடுக்கப் போனேன், அவர் முந்திக்கொண்டார். கரும்பலகையில் பெஞ்சுகளுக்குப் பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். எந்த மாற்றமாக இருந்தாலும் அது இத்தனை பெஞ்சு தாவு, பெஞ்சின் எண்ணைப் பொறுத்து இத்தனை இடம் நகர், எல்லாருக்கும் பொதுவாக இத்தனை இடம் நகர் என்பதுதான். மொத்தம் இருபத்தேழு. மூன்று தடவை செய்யும்போது, பெஞ்சு தாவுகிற ஆள் மூன்று பெஞ்சையும் ஒருமுறை மிதித்துவிடுகிறார். பூஜ்ஜியமும் ஒன்றும் இரண்டும் கூட்டினால் மூன்று. மூன்று இடம் நகர்ந்தால் பழைய இடம். பெஞ்சு தாவாதவர் ஒரே அளவை மூன்று தடவை நகர்கிறார். அவரும் பழைய இடம். இருபத்தேழும் அடங்கிவிட்டது.

மேடம் அத்தோடு நிற்கவில்லை. "நாலு பேர் இருங்க, ரெண்டு பெஞ்சு" என்றார். முதல் பெஞ்சு சும்மா, இரண்டாம் பெஞ்சு ஓர் இடம், பிறகு தாவல். இரண்டு தடவை செய்தார்கள். யாரும் பழைய இடத்துக்கு வரவில்லை. பூஜ்ஜியமும் ஒன்றும் கூட்டினால் ஒன்று. அது இரண்டால் வகுபடவில்லை. நான்காம் தடவைதான் வீடு திரும்பினார்கள். இரண்டுக்கு ஏன் கூற்று உண்மை, மூன்றுக்கு ஏன் பொய் என்பது அந்த ஒரு கூட்டலில் இருந்தது. நான்கூட அதை அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை.

பெஞ்சுகளில் பார்த்த குலத்தில் சமனி தவிர எல்லா உறுப்புக்கும் வரிசை மூன்று. எல்லாம் ஒழுங்காகப் பரிமாறிக்கொள்ளும் இருபத்தேழு உறுப்புக் குலமும் ஒன்று உண்டு, அதிலும் எல்லாவற்றுக்கும் வரிசை மூன்றுதான். வரிசைகளை மட்டும் எழுதி நீட்டினால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஜாதகம் ஒன்று, ஆள் இரண்டு. இத்தனை வருடம் நான் வகுப்பில் சொல்லிவந்த பேச்சுக்கு எங்கே எல்லை என்று அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று தெரிந்துகொண்டேன். அவமானமாக இல்லை. பறப்பது போல இருந்தது.

சுலோச்சனா மேடம் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார். விடைக்குறிப்பில் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். பல்கலைக்கழகத்துக்கு அவரே தொலைபேசியில் பேசினார். பேசி முடித்து வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தவறு என்று காட்டியவர்களுக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி கணக்கில் வராது. மீதித் தாளை வைத்து விகிதப்படி மதிப்பெண். திருத்திய கட்டெல்லாம் முதலிலிருந்து திருத்த வேண்டும். ஒருவரும் முனகவில்லை. ரஹ்மத் அந்த டம்மி நம்பர் தாளைத் தேடி எடுத்து, முட்டையை அடித்து, முழு மதிப்பெண் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடம் என் அருகில் வந்தார். "பொண்ணுகிட்ட என்ன சொல்வீங்க?"

"தெரியல மேடம்."

அவர் "அடுத்து" என்று சொல்லவில்லை.

வீட்டில் பவானியை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முகம் சிவந்தது.

"நீங்க பேசாம இருந்திருந்தா எனக்கு முழு மார்க்கு. அவங்களா கண்டுபுடிச்சிருந்தா சரி. நீங்க ஏம்பா போய்ச் சொன்னீங்க?"

"முட்டை வாங்கினவனும் யாரோட புள்ளையோ, பவானி."

"நான் உங்க புள்ள இல்லியா?"

கஸ்தூரி குறுக்கே வந்தாள். "நைனாவும் பொண்ணும் சண்டை போட ஒரு கணக்கு வேற. சாப்புட்டு போடுங்க." பவானி சாப்பிடவில்லை. அறைக்குள் போனவள் தேர்வில் எழுதிய நிரூபணத்தைத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கஸ்தூரி சொன்னாள். எது எங்கே அறுந்தது என்று தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கப் பயமாக இருந்தது. வெகுநாள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

முடிவு வந்தது. மொத்தத்தில் முதல் வகுப்பு, மயிரிழையில். அல்ஜிப்ராதான் எல்லாவற்றிலும் குறைவு. எங்கள் கல்லூரியில் மேரி தேறியிருந்தாள். கல்லூரி வாசலில் எனக்கு லட்டு கொடுத்து, "அந்தக் கேள்வியைத் தூக்கிட்டாங்களாமே சார், எவனோ புண்ணியவான்" என்றாள். லட்டைத் தின்றேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது பவானி மதிப்பெண் பட்டியலை என்முன் வைத்து, "இதைக் கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பாங்க" என்றாள். ஆனாலும் போனாள்.

அன்று மதியத்துக்கு மேல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்குப் போய் நடைமேடையில் நின்றேன். கும்மிடிப்பூண்டி வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். ஷிப்டு முடிந்தவர்கள் இறங்கினார்கள், காலிக் கூடைகளோடு மீன்காரப் பெண்கள் ஏறினார்கள், அவள் இல்லை. அவளைச் சேர்க்காவிட்டால் அதற்குக் காரணம் நான்தான் என்பதில் சந்தேகமில்லை. அதை எப்படி வாழ்நாள் முழுவதும் சுமப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாள். புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்? இன்னா கேட்டாங்க?"

"உள்ள போனதுமே, மத்ததுலல்லாம் நல்ல மார்க்கு, நீ சேர வந்த சப்ஜெக்ட்ல மட்டும் ஏன் கம்மின்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"நடக்காத ஒன்னை நடந்ததா நிரூபிச்சேன்னு சொன்னேன். எங்க தப்பாச்சுன்னு கேட்டாங்க. போர்டுக்குப் போய் என் நிரூபணத்தை நானே எழுதி, அந்த வரியை அடிச்சேன். baba-லேர்ந்து ba-வுக்குத் தாவ முடியாது, இருபத்தேழுல உடையுதுன்னு போட்டுக் காட்டினேன். அங்க ஒருத்தர், மூணுக்கு மட்டுந்தான் உடையுமான்னு கேட்டாரு. அதை நான் ஏற்கெனவே யோசிச்சு வெச்சிருந்தேம்பா. ரெண்டைத் தவிர எல்லாப் பகா எண்ணுக்கும் உடையும்னு சொல்லி, ஏன்னும் எழுதிக் காட்டினேன். அதான் லேட்டு."

"அப்புறம்?"

"எப்ப வந்து சேர்றேன்னு கேட்டாங்கப்பா."